நோய் தரும் மரபணுக்கள் நிலைத்திருப்பது ஏன்?

உயிரினங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. சூழ்நிலைக்குப் பொருந்திய இயல்புகளை உடையவை மிகுதியாகச் சந்ததிகளைப் பெருக்குகின்றன. பொருந்தாத இயல்புகளை உடையவை தலைமுறைதோறும் குறைந்து தேய்கின்றன. 1859-ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் உலகுக்கு விளக்கிய இயற்கைத் தேர்வுக் கொள்கையின் சாரம் இதுவே. இக்கொள்கையைப் பயிலும் மாணவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. குழந்தைப் பருவத்திலேயே உயிரைப் பறிக்கும் பரம்பரை நோய்கள் பல உள்ளன. அவற்றுக்குக் காரணமான மரபணுக்களை இயற்கை என்றோ களைந்திருக்க வேண்டுமல்லவா? ஆயிரக்கணக்கான தலைமுறைகள் கடந்த பின்னரும் அவை மனித குலத்தில் நிலைத்திருப்பது ஏன்?

இந்த ஐயம் வகுப்பறையோடு நின்றுவிடுவதன்று. பரம்பரை நோயுடன் குழந்தை பிறந்த வீட்டில் இதே கேள்வி வேறு வடிவத்தில் எழுகிறது. "எங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஏன்?" என்று பெற்றோர் கேட்கின்றனர். குல சாபம் என்பர் சிலர். மருமகள் கொண்டுவந்த குறை என்பர் வேறு சிலர். கிராமத்தில் இரத்தப் பரிசோதனை நடத்தச் செல்லும் சுகாதார ஊழியர் இந்தக் கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். தவறான விடை ஒரு குடும்பத்தையே தலைகுனிய வைக்கும். சரியான விடை அக்குடும்பத்தின் அச்சத்தைப் போக்கும். எனவே, அறிவியல் கண்ட விடை என்ன என்பதை அலுவலர்களும் அறிந்திருத்தல் நலம்.

மறைந்து வாழும் மரபணு

மரபணுக்களுள் பெரும்பாலானவை மனித உடலில் இரண்டு படிகளாக அமைந்துள்ளன. ஒரு படி தந்தையிடமிருந்தும் மற்றொரு படி தாயிடமிருந்தும் வருகின்றன. ஒரு படி பழுதுபட்டிருந்தாலும் மற்றது நல்லதாயிருப்பின், பல மரபணுக்களைப் பொறுத்தவரை உடல் செம்மையாகவே இயங்கும். இரண்டு படிகளும் பழுதானால் மட்டுமே நோய் வெளிப்படும். இத்தகைய இயல்பை ஒடுங்கு பண்பு என்று மரபியலார் கூறுவர். ஒரே ஒரு பழுதுபட்ட படியை உடையவர் நோயாளி அல்லர். அவர் அம்மரபணுவின் தாங்கி மட்டுமே.

இயற்கைத் தேர்வு மரபணுவை நேரே பார்ப்பதில்லை. அதை உடைய மனிதர் வாழ்கிறாரா, சந்ததி பெறுகிறாரா என்பதன் வாயிலாகவே பார்க்கிறது. தாங்கியிடம் உள்ள பழுதான படி இயற்கைத் தேர்வின் கண்ணில் படாமல் அடுத்த தலைமுறைக்குச் சென்றுவிடுகிறது.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 10,000 பேர் கொண்ட ஒரு மக்கட் கூட்டத்தில், ஒரு குறிப்பிட்ட மரபணுவின் படிகள் 20,000 இருக்கும். அவற்றுள் நூற்றுக்கு ஒன்று வீதம் 200 படிகள் பழுதானவை என்று கொள்வோமாயின், நோயாளி ஒருவரே இருப்பார்; தாங்கிகளோ 198 பேர் இருப்பர். பழுதான 200 படிகளுள் இரண்டு மட்டுமே நோயாளியிடம் உள்ளன. மற்ற 198 படிகளும் நலமுடன் வாழும் தாங்கிகளிடம் மறைந்துள்ளன. நோயாளி சந்ததியின்றி இறந்தாலும் ஒரு தலைமுறையில் கழிவது 200-இல் இரண்டுதான். இந்த வேகத்தில் அம்மரபணுவின் அளவு பாதியாகக் குறைய 100 தலைமுறைகள் வேண்டும். தலைமுறைக்கு 25 ஆண்டு எனக் கொண்டால், இது 2,500 ஆண்டுகள்.

1908-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கணித மேதை ஹார்டியும் ஜெர்மானிய மருத்துவர் வைன்பெர்கும் தனித்தனியே கண்ட விதியே இக்கணக்குக்கு அடிப்படை. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில நாடுகள் இதைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907-இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. 1933-இல் ஜெர்மனியின் நாஜி அரசு அதனினும் கொடிய சட்டத்தை நிறைவேற்றி, இலட்சக்கணக்கானோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. இனத்தைத் தூய்மைப்படுத்துவதாகச் சொல்லி நடத்தப்பட்ட இச்செயல் மனித நேயத்துக்கு மட்டுமன்றி, அறிவியற் கணக்குக்கும் முரணானது.

புதிதாகத் தோன்றும் பழுதுகள்

பழைய மரபணுக்கள் கழியும் வேளையில் புதியவை தோன்றியவண்ணம் உள்ளன. கருவணுக்கள் உருவாகும்போது மரபணு படியெடுக்கப்படுகிறது. ஏடெழுதுவோர் கைத்தவறாக ஓரெழுத்தை மாற்றி எழுதிவிடுவது போல், இங்கும் சில பிழைகள் நேர்கின்றன. இவையே திடீர் மாற்றங்கள்.

இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய் இதற்குத் தக்க சான்று. சிகிச்சை இல்லாத காலத்தில் இந்நோய் கொண்ட ஆண்கள் பெரும்பாலும் இளமையிலேயே இறந்தனர். ஆயினும் நோய் மறையவில்லை. எத்தனை மரபணுக்கள் நோயாளிகளின் இறப்பால் கழிகின்றனவோ, ஏறத்தாழ அத்தனை புதிதாகத் தோன்ற வேண்டும் என்று உணர்ந்த ஜே. பி. எஸ். ஹால்டேன், 1935-இல் மனித மரபணு ஒன்றில் திடீர் மாற்றம் நேரும் வீதத்தை இந்நோயைக் கொண்டு கணக்கிட்டார். குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இல்லாத ஹீமோபிலியா ஒரு குழந்தைக்குத் தோன்றுவது அரிதன்று. கைகால் எலும்புகள் குறுகி வளரும் ஒருவகைக் குள்ளத்தன்மையிலும் இதுவே நிலை. அத்தகைய குழந்தைகளுள் பெரும்பாலோர் இயல்பான உயரமுடைய பெற்றோருக்கே பிறக்கின்றனர். இங்கு முன்னோரைக் குறை கூற இடமே இல்லை.

சந்ததிக்குப் பின் வரும் நோய்

சில மரபணுக்கள் தம் தீமையை முப்பது, நாற்பது வயதுக்குப் பின்னரே காட்டுகின்றன. அதற்குள் அவற்றை உடையவர் மணமுடித்து மக்களைப் பெற்றுவிடுகிறார். இயற்கைத் தேர்வு விழிக்கும்போது மரபணு அடுத்த தலைமுறையைச் சென்றடைந்துவிட்டது. நடுவயதில் நரம்பு மண்டலத்தைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய் இவ்வகையைச் சேர்ந்தது. அது ஓங்கு பண்பு. ஒரே படி பழுதானாலும் நோய் வரும். ஆயினும் அது நிலைத்திருக்கிறது.

இந்தியாவுக்கே நெருங்கிய சான்று ஒன்றும் உண்டு. இதயத் தசையின் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட நிலை, இந்தியத் துணைக்கண்டத்து மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் காணப்படுகிறது என்று 2009-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினரும் ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தினரும் அவ்வாய்வில் பங்கு கொண்டனர். இக்குறை உடையோர்க்கு முதிர்ந்த வயதில் இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு கூடுதல். எனினும் அவ்வாய்ப்பு எல்லோர்க்கும் ஒரே அளவினதன்று என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. இளமையில் தீங்கு செய்யாமையால் இம்மரபணு இந்த அளவுக்குப் பரவ முடிந்தது.

குறுகிய வட்டங்கள்

ஒரு சமுதாயம் மிகச் சிலரிடமிருந்து கிளைத்துப் பெருகி, நெடுங்காலம் தனக்குள்ளேயே மணவுறவு கொள்ளுமானால், அந்த முன்னோருள் ஒருவரிடம் தற்செயலாக இருந்த பழுது பின்னாளில் பலரிடம் காணப்படும். இதில் தேர்வுக்கு இடமில்லை, தற்செயலே காரணம். அகமண முறை வேரூன்றிய இந்தியாவில் இது மிகவும் கருதத்தக்கது. தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமுதாயக் குழுக்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றுள் 81 குழுக்களில் இத்தகைய தடம் ஃபின்லாந்து மக்களிடம் உள்ளதைவிட ஆழமானது எனக் கண்டது. அவற்றுள் பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உடைய குழுக்களும் உள.

ஆந்திரம், தெலங்கானா மாநிலங்களின் வைசிய சமுதாயத்தாருள் சிலருக்கு ஒரு நொதி குறைவு. நாள்தோறும் வாழும் வாழ்க்கையில் அதனால் தீங்கில்லை. ஆனால் அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தத் தரும் ஒருவகை மருந்தின் விளைவு அவர்களுக்கு நெடுநேரம் நீடிக்கும். இதை முன்னரே அறிந்த மயக்க மருத்துவர் வேறு மருந்தைக் கையாள்வார். அறிவு ஒன்றே இங்குப் பாதுகாப்பு.

அரிவாள் வடிவச் சிவப்பணு

இதுவரை கூறிய காரணங்களில் மரபணு இயற்கைத் தேர்வுக்குத் தப்பி வாழ்கிறது. இனிக் கூறப்போகும் காரணமோ முற்றிலும் வேறானது. இங்கு இயற்கைத் தேர்வே அம்மரபணுவைக் காத்து வளர்க்கிறது.

சிக்காகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், சோகையால் வாடிய ஓர் இளைஞரின் இரத்தத்தில் பிறைபோல் வளைந்த சிவப்பணுக்களைக் கண்டு 1910-இல் வெளியிட்டார். அதுவே அரிவாள் அணுச் சோகை என்னும் நோயின் முதல் மருத்துவக் குறிப்பு. இயல்பான சிவப்பணு வட்டமானது. நெகிழ்ந்து மிக நுண்ணிய குழாய்களிலும் நுழைந்து செல்லும். ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். அரிவாள் வடிவம் கொண்ட அணு விறைத்து நுண்குழாய்களை அடைக்கும். சில வாரங்களுக்குள் சிதையும். அடைப்பினால் எலும்பிலும் மார்பிலும் பொறுக்கவொண்ணா வலி தோன்றும். மண்ணீரல் பழுதடைவதால் குழந்தைகள் தொற்றுநோய்களுக்கு எளிதில் இரையாவர்.

1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் இந்நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபின் மூலக்கூறே என்று நிறுவினர். வெர்னான் இங்கிராம் 1956, 1957 ஆண்டுகளில் அதன் நுட்பத்தைக் கண்டார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் அமர்ந்துவிடுகிறது. இந்த ஒரே மாற்றம் இத்தனை துன்பத்துக்கும் காரணம்.

இரண்டு படிகளும் மாறியிருப்பவர் நோயாளி. ஒரு படி மட்டும் மாறியிருப்பவர் தாங்கி. நோயாளிகளுள் பெரும்பாலோர் பண்டைக் காலத்தில் சந்ததி பெறும் வயதை எட்டியிரார். ஆயினும் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் தாங்கிகளாக இருந்தனர். திடீர் மாற்றத்தால் இதை விளக்க முடியாது. அவ்வளவு விரைவில் புதிய பழுதுகள் தோன்றுவதில்லை.

விடையின் திறவுகோலைத் தந்தவர்களுள் ஹால்டேன் முதல்வர். மத்தியதரைக் கடல் நாடுகளில் மலிந்திருந்த தாலசீமியா என்னும் இரத்த நோயைக் கருதி, அதன் தாங்கிகளுக்கு மலேரியாவை எதிர்க்கும் ஆற்றல் இருக்கக்கூடும் என்று அவர் 1949-இல் கூறினார். கென்யாவில் வளர்ந்த மருத்துவ ஆய்வாளர் ஆன்டனி அலிசன், அரிவாள் அணுத் தாங்கிகள் கடற்கரையிலும் விக்டோரியா ஏரியைச் சூழ்ந்த பகுதியிலும் மிகுந்தும், குளிர்ந்த மேட்டு நிலங்களில் குறைந்தும் இருப்பதைக் கண்டார். மலேரியா மிகுந்த இடமும் அதுவே. குறைந்த இடமும் அதுவே. 1954-இல் அவர் தம் ஆய்வுகளை வெளியிட்டார். தாங்கியின் சிவப்பணுவில் மலேரியாக் கிருமி நுழைந்தால், அந்த அணு எளிதில் வளைந்து, மண்ணீரலால் அகற்றப்படுகிறது. கிருமியும் செழித்து வளர இயலாது போகிறது. உயிருக்கு உலை வைக்கும் கடும் மலேரியாவிலிருந்து தாங்கிகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு என்று பிற்கால ஆய்வுகள் உறுதி செய்தன.

ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். இந்தியக் குடிமகனும் ஆனார். 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். அவர் தம் இறுதி நாட்களைக் கழித்த ஒடிசா, அரிவாள் அணு மரபணு மிகுந்துள்ள இந்திய மாநிலங்களுள் ஒன்றாகும்.

1,210 குழந்தைகளின் கணக்கு

நன்மையும் தீமையும் எவ்வாறு சமன் செய்துகொள்கின்றன என்பதைக் கணக்கால் காண்பது தெளிவு தரும். எண்கள் எளிமை கருதிக் கொள்ளப்பட்டவை, முறை உண்மையானது.

மலேரியா சூழ்ந்த ஒரு பகுதியில் 1,210 குழந்தைகள் பிறக்கின்றனர். ஹீமோகுளோபின் மரபணுப் படிகளுள் பதினொன்றில் ஒன்று அரிவாள் வகை. அவ்வாறாயின் இக்குழந்தைகளுள் 10 பேர் நோயாளிகள். 200 பேர் தாங்கிகள். மற்ற 1,000 பேரிடம் அம்மரபணு அறவே இல்லை. நோயாளிகள் பத்துப் பேரும் இறந்துவிடுகின்றனர். மரபணு இல்லாத ஆயிரம் பேருள் பத்தில் ஒருவர் வீதம் 100 பேரை மலேரியா கொண்டுசெல்கிறது. தாங்கிகள் 200 பேரும் பிழைக்கின்றனர்.

எஞ்சியவர் 1,100 பேர். அவர்களிடம் உள்ள படிகள் 2,200. அவற்றுள் அரிவாள் வகை 200. மீண்டும் பதினொன்றில் ஒன்று! எத்தனை தலைமுறைகள் கடந்தாலும், மலேரியா நீடிக்கும் வரை, இந்த விகிதம் மாறாது. ஒவ்வொரு தலைமுறையிலும் பத்துக் குழந்தைகளை அரிவாள் அணு நோயும் நூறு குழந்தைகளை மலேரியாவும் பறித்துக்கொண்டே இருக்கும். தீமை தரும் மரபணு என்று பெயர் பெற்றதே, அந்தச் சூழலில் இருநூறு குழந்தைகளுக்குக் கவசமாகவும் நிற்கிறது. ஒரே மரபணு நன்மையா தீமையா என்பதை அது தனித்து வந்ததா இரட்டித்து வந்ததா என்பதும், சூழ்நிலை யாது என்பதும் முடிவு செய்கின்றன.

மலேரியா முற்றிலும் நீங்கிவிட்டால் என்ன ஆகும்? அந்த நூறு குழந்தைகளும் பிழைத்துக்கொள்வர். நோயாளிகள் பத்துப் பேரும் முன்போலவே இறந்தால், எஞ்சிய 2,400 படிகளுள் அரிவாள் வகை 200. அதாவது பன்னிரண்டில் ஒன்று. அடுத்த தலைமுறையில் பதின்மூன்றில் ஒன்று. அதற்கடுத்து பதினான்கில் ஒன்று. கவசத்தின் தேவை ஒழிந்த பின்னும் கவசத்தின் விலையை மக்கள் நெடுங்காலம் செலுத்த நேர்கிறது.

இந்திய நிலை

இந்தியாவில் இம்மரபணு இருப்பது 1952-இல் தெரியவந்தது. லேமன், கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இதைக் கண்டனர். அதே ஆண்டில் மேல் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் இது காணப்பட்டது. பின்னர் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, மகாராட்டிரம், தெற்குக் குஜராத், கேரளத்தின் வயநாடு ஆகிய பகுதிகளிலும் இதன் பரவல் வெளிப்பட்டது. பெரும்பாலும் இவை காடும் மலையடிவாரமும் சார்ந்த, மலேரியா நெடுங்காலம் ஆட்சி செய்த நிலங்கள். பழங்குடி மக்களிடையே 86 பிறப்புகளுக்கு ஒன்று வீதம் இந்நோய் காணப்படுவதாக மத்திய அரசு மதிப்பிட்டுள்ளது. இது பழங்குடியினரின் குறையன்று. அவர்கள் வாழ்ந்த நிலத்தின் வரலாறு. தாழ்த்தப்பட்ட, பிற்பட்ட வகுப்புகள் உள்ளிட்ட பிற சமுதாயத்தாரிடமும் இம்மரபணு உண்டு.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் தாக்குண்டனர் என்றும், எட்டு இலட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. 1965-இல் நோயுற்றோர் ஏறத்தாழ ஓர் இலட்சமாகக் குறைந்தனர். பின்னர் நோய் மீண்டும் தலையெடுத்து, 1976-இல் 64 இலட்சத்தை எட்டியது. மறுபடியும் முயற்சிகள் வலுப்பெற்றுப் படிப்படியாகக் கட்டுக்குள் வந்தது. ஆக, இந்திய மண்ணில் மலேரியாவின் பிடி தளரத் தொடங்கி ஏறத்தாழ மூன்று தலைமுறைகளே ஆகின்றன. முற்கூறிய கணக்கின்படி, மலேரியா ஒரே நாளில் மறைந்திருந்தாலும் இந்த மூன்று தலைமுறைகளில் பதினொன்றில் ஒன்று என்பது பதினான்கில் ஒன்றாகத்தான் குறைந்திருக்கும். 1,210 குழந்தைகளுக்குப் பத்து நோயாளிகள் என்ற நிலை, ஆறு நோயாளிகள் என்று மாறியிருக்கும். பாதியாகக் குறைய 11 தலைமுறைகள், அதாவது 275 ஆண்டுகள் வேண்டும். எனவே இயற்கை தானே சரிசெய்யும் என்று வாளாவிருக்க இடமில்லை.

மலேரியா விட்டுச்சென்ற தடங்கள் வேறு சிலவும் உண்டு. இந்தியரில் நூற்றுக்கு மூவர் அல்லது நால்வர் பீட்டா தாலசீமியாவின் தாங்கிகள். மற்றொன்று, ஜி-6-பி-டி என்று சுருக்கமாக வழங்கும் நொதியின் குறைவு. இக்குறைவு உடையவர் மலேரியா சிகிச்சைக்கான பிரைமாகுவின் மருந்தை உட்கொண்டால் சிவப்பணுக்கள் சிதையக்கூடும் என்பது 1956-இல் விளங்கிற்று. பண்டு மலேரியாவிடமிருந்து காத்த அதே குறைவு, இன்று மலேரியா மருந்துக்கு இடையூறாக நிற்கிறது. மருந்து தருமுன் பரிசோதித்தல், தந்த பின் சிறுநீர் கருநிறமாகிறதா என்று கவனித்தல் ஆகியவை இதனால் இன்றியமையாதவை.

நிர்வாகத்தின் கடமை

தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கி வைக்கப்பட்டது. 17 மாநிலங்களில் 40 வயது வரையிலான ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047-க்குள் இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து அகற்றுவதும் அதன் குறிக்கோள்கள். பரிசோதிக்கப்பட்டவர்க்கு அவரது நிலையைக் குறிக்கும் அட்டை வழங்கப்படுகிறது. இத்தகைய பெரும் பணியில் ஈடுபடுவோர் சில உண்மைகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, தாங்கி நோயாளி அல்லர். எளிய கரைதிறன் சோதனை அரிவாள் ஹீமோகுளோபின் இருப்பதைக் காட்டுமேயன்றி, தாங்கியையும் நோயாளியையும் வேறுபடுத்திக் காட்டாது. அடுத்த கட்டச் சோதனை முடியுமுன் எவரையும் நோயாளி என்று கூறிவிடலாகாது.

இரண்டாவது, திருமண ஆலோசனையில் கணக்கைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தாங்கி ஒருவர், எந்தக் குறையுமற்ற ஹீமோகுளோபின் உடையவரை மணந்தால், அவர்களுக்கு நோயாளிக் குழந்தை பிறக்காது. இருவரும் தாங்கிகளாயின், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு உண்டு. முதற் குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் நலமாயிருக்கும் என்று கருதுவது தவறு. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது. ஒருவர் அரிவாள் அணுவையும் மற்றவர் தாலசீமியாவையும் தாங்கியிருந்தாலும் குழந்தைக்கு நோய் வரக்கூடும். மேலும், நோயாளிக் குழந்தை தந்தை, தாய் இருவரிடமிருந்தும் மரபணுவைப் பெற்றதாகும். தாயை மட்டும் பழிப்பது அறியாமை.

மூன்றாவது, பரிசோதனை இழிவுக்கு வழி வகுக்கலாகாது. 1970-களில் கிரேக்க நாட்டின் ஓர்கோமெனோஸ் என்னும் ஊரில் மக்கள் பரிசோதிக்கப்பட்டனர். தாங்கிகளைத் தாங்கிகள் மணவாதிருந்தால் போதும் என்பது நோக்கம். ஆனால் தாங்கி என்றாலே குறையுடையவர் என்ற எண்ணம் ஊரில் பரவியது. திருமணப் பேச்சுகள் முறிந்தன. பலர் தம் நிலையை மறைத்தனர். அமெரிக்காவில் அதே பத்தாண்டின் தொடக்கத்தில் சில மாநிலங்கள் கட்டாயப் பரிசோதனைச் சட்டம் இயற்றின. தாங்கியை நோயாளி எனத் தவறாகக் கருதியமையால், நலமுள்ளவர் பலர் வேலையையும் காப்பீட்டையும் இழந்தனர். அந்நாட்டு விமானப் படைக் கல்விக்கழகம் 1981 வரை தாங்கிகளைச் சேர்க்கவில்லை. சாதியும் மணவுறவும் பின்னிக் கிடக்கும் இந்தியச் சமுதாயத்தில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். பரிசோதனை முடிவு உரியவர்க்கு மட்டுமே தெரிவிக்கப்பட வேண்டும். பள்ளியில் உரக்கப் படித்துக் காட்டப்படும் பட்டியல், ஒரு மாணவியின் எதிர்காலத்தைக் குலைக்கப் போதுமானது.

நான்காவது, கண்டறிவதோடு பணி முடிவதில்லை. பிறந்தவுடன் கண்டறிந்த குழந்தைக்குப் பென்சிலினும் தடுப்பூசியும் தந்தால், இளமையில் நேரும் இறப்புகள் பெரிதும் குறைகின்றன. கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டும் ஹைட்ராக்ஸியூரியா மருந்து வலியையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் குறைக்கிறது. இம்மருந்து நாடோறும் தவறாது கிடைக்க வேண்டும். பரிசோதனை முகாம் வந்து போன ஊருக்கு மருந்து வந்து சேரவில்லையெனில், மக்களின் நம்பிக்கை தகர்ந்துவிடும். மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அதன் விலை மிகப் பெரிது. மலைக் கிராமத்துக் குழந்தைக்கு உடனடித் துணை, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தே. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரிவாள் அணு நோயையும் தாலசீமியாவையும் ஹீமோபிலியாவையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அச்சட்டம் தரும் உரிமைகளை நோயாளிகளின் குடும்பத்தார் அறியுமாறு செய்வதும் அலுவலரின் பொறுப்பு.

சிகிச்சை பெற்ற நோயாளிகள் வாழ்ந்து மக்களைப் பெற்றால் மரபணு இன்னும் மெதுவாகவே குறையும் என்று சிலர் வாதிடலாம். கணக்கின்படி அது உண்மை. ஆனால் நோக்கம் மரபணுவின் எண்ணிக்கையைக் குறைப்பதன்று. மனிதரின் துன்பத்தைக் குறைப்பது. மருந்தும் மதியுரையும் கிடைக்கும் நாட்டில் அம்மரபணு இருந்தும் உயிர்கள் போகா.

நோய் தரும் மரபணுக்கள் நிலைத்திருப்பதற்கு எவருடைய பாவமும் காரணமன்று. சில மறைந்து வாழ்கின்றன. சில புதிதாகத் தோன்றுகின்றன. சில காலங்கடந்து வெளிப்படுகின்றன. சில தற்செயலாகப் பெருகின. அரிவாள் அணு மரபணுவோ, மருந்தும் மருத்துவரும் இல்லாத காலத்தில் காட்டோரத்துக் கிராமங்களைக் காத்து நின்றது. ஆயிரம் பேருள் நூறு பேரை மலேரியாவுக்குப் பலி கொடுத்த ஊர்களில் பிழைத்து நின்ற அந்த இருநூறு பேரின் வழித்தோன்றல்களே இன்று பரிசோதனைக்கு வரிசையில் நிற்கின்றனர். அவர்களுக்கு அட்டையை வழங்கும் அலுவலர், இந்த வரலாற்றையும் இரண்டு வாக்கியங்களில் எடுத்துச் சொல்வாரானால், வந்தவர் தலைகுனியாமல் வீடு திரும்புவார்.